பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆளுயர ஸ்பீக்கர்

மலர்க் குழுவில் இருக்கும் என் பேட்ச் நண்பன் போன் செய்து, "மச்சான், உன் வீட்டுல கதவு மாதிரி ஸ்பீக்கர் வச்சிருக்கியாமே, அதப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு. ஆனா புரியற மாதிரி எழுது" என்றான். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னான். எலக்ட்ரானிக்ஸ் லேபில் மூன்று வருடம் என்னோடு ஒரே மேஜையில் நின்றவன், அவனுக்கு என்னைத் தெரியும். ஆகவே நண்பர்களே, இதைச் சரித்திரமாகவே எழுதிவிடுகிறேன். சமன்பாடு ஒன்றுகூட வராது. சில எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கதவு" என்று பெயர் வைத்தவர் என் அப்பா. எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் ரோட்டில் பாலுசெட்டிசத்திரம் தாண்டினால் வரும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் ஏரிதான் அடையாளம். அப்பா பட்டு நெசவு செய்தவர். வீட்டு முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் குழித்தறி. நான் நம் கல்லூரிக்குக் கட்டிய பீஸ் எல்லாம் அந்தக் குழியில் உட்கார்ந்து அவர் சம்பாதித்ததுதான். 2019-ல் அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். குழியை மூடி சிமெண்ட் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அப்பா அந்த அறைக்குள் கால் வைப்பதையே விட்டுவிட்டார். திண்ணையிலிருந்து உள்ளே வர வேண்டுமானால்கூடப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வருவார்.

சும்மா கிடந்த அந்த அறையில்தான், சென்னையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஜோடி பேனல் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இறக்கினேன். ஒவ்வொன்றும் ஐந்தரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம், கனம் இரண்டே அங்குலம். பெட்டி கிடையாது. அப்பா வாசலில் நின்றபடியே பார்த்தார். "இன்னாடா இது, யார் வீட்டுக் கதவ கழட்டிக் கொண்டாந்த?"

நியாயமான கேள்வி. ஸ்பீக்கர் என்றால் நமக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டும் குழாய். மற்றது பெட்டிக்குள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் காகிதக் கோன். தட்டையாக ஒரு மூன்றாம் ஜாதி எங்கிருந்து வந்தது? அந்தக் கதையைச் சொல்கிறேன்.

குழாயும் கோனும்

நூறு வருடத்துக்கு முன்னால் போவோம். 1924 மே மாதம் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31-ல் ஒலிபரப்பும் ஆரம்பித்தது. இந்தியாவில் முதன்முதலாக ஒலிபரப்புச் செய்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. அன்று ரேடியோ கேட்க வேண்டுமானால் ஒன்று காதில் ஹெட்போன் மாட்ட வேண்டும், இல்லையென்றால் கிராமபோன் மாதிரி ஒரு குழாய் வைக்க வேண்டும்.

அந்தக் குழாயை ஒழிக்கும் வேலை அதே சமயத்தில் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு என்ஜினீயர்கள், காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், அதன் மேல் ஒரு காகிதக் கோன் என்று அமைத்து, 1925-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று உங்கள் டிவியிலும் காரிலும் பஸ்ஸிலும் பாடுவது அந்தக் கோனின் வாரிசுகள்தான்.

ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனம் அதே காலத்தில் வேறு வழியில் போயிற்று. ஹான்ஸ் ரீகர் என்பவர் ஒரு தட்டையான உலோகத் தகட்டையே காந்தத்தால் முன்னும் பின்னும் அசைத்தார். அதற்கு பிளாட்ஹாலர் என்று பெயர். பொது இடங்களில் கூட்டத்துக்குக் கேட்பதற்காகச் செய்த பெரிய சாமான் அது. வீட்டுக்குள் வைக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோனைப் பெற்றெடுத்த அதே கெல்லாக், கோனோடு திருப்தி அடையவில்லை. மெல்லிய ஒரு சவ்வை இழுத்துக் கட்டி, கம்பியும் சுருளும் இல்லாமல், மின்னூட்டத்தின் இழுவிசையாலேயே அதை அசைக்கும் எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்கு 1934-ல் காப்புரிமை பெற்றார். யோசனை சரியானது. கோனை நடுவில் மட்டும் பிடித்துத் தள்ளுகிறோம், ஓரங்கள் தம் இஷ்டத்துக்கு ஆடும். சவ்வை முழுப்பரப்பிலும் ஒரே அளவாகத் தள்ளினால் அது ஆட்டம் போடாது. ஆனால் அந்தச் சவ்வை எதனால் செய்வது? காற்றைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருக்க வேண்டும், கிழியக் கூடாது, வெயிலில் தொய்யக் கூடாது. 1934-ல் அப்படி ஒரு பொருள் கிடையாது. கோன் ஜெயித்தது. கணக்கில் தோற்காமல், பொருள் கிடைக்காமல் தோற்றது தட்டை ஸ்பீக்கர்.

டெரிலின் வந்த வழி

பொருள் எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. 1941-ல் மான்செஸ்டரில் துணிக்கு அச்சுப் போடும் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் ஒரு புது நூலைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டெரிலின். பாலியஸ்டர். எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தைக்குச் சமமான பெயர் அது. பட்டுச்சேலை மாதிரியே இருக்கும் பாலியஸ்டர் சேலை பட்டு நெசவாளியின் அடுப்பில் எத்தனை தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். நூலாக இழுக்கும் அதே பொருளைத் தாளாக, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் மைலார் பிலிம். முடியை விடப் பல மடங்கு மெல்லியது, உறுதியானது. 1950-களில் அது சந்தைக்கு வந்தது. பிளாஸ்டிக் பிலிம்கள் வரத் தொடங்கியதும் கெல்லாகின் பழைய கனவு எழுந்து உட்கார்ந்தது.

அமெரிக்காவில் ஆர்தர் ஜான்ஸன் மேல் ஸ்தாயிக்கு மட்டும் எலக்ட்ரோஸ்டேடிக் செய்தார். முழு ஸ்தாயிக்கும் செய்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற சிறிய ஊரில் தொழில் நடத்திய பீட்டர் வாக்கர். 1955-ல் அவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் விளக்கம் எழுதினார். 1957-ல் குவாட் ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. துளையிட்ட இரண்டு தகடுகள், நடுவில் பிலிம். கீழ் ஸ்தாயிப் பகுதிக்கு 6,000 வோல்ட் மின்னூட்டம். பார்ப்பதற்கு அறைச்சூடு தரும் ரேடியேட்டர் மாதிரி இருக்கும். 1985 வரை அதைச் செய்தார்கள்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது 1958-ல். வாக்கர் தன் ஸ்பீக்கரை வடிவமைத்த காலத்தில் உலகம் மோனோ. வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். ஒரு சாதாரண இங்கிலீஷ் வீட்டு அறையில் ஒரு பேனலுக்கு இடம் இருந்தது. ஸ்டீரியோ வந்த பிறகு அதே அறையில் இரண்டை நிறுத்தச் சொன்னார்கள். "சின்ன அறையில் பெரிய பேனல் சரிப்படாது" என்ற பேச்சின் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஆள் ஜிம் வைனி. 3எம் நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தவர். உயர் மின்னழுத்தமே வேண்டாம், பிலிம் மேல் மெல்லிய கம்பியை ஒட்டி, எதிரே வரிசையாகக் காந்தப் பட்டைகளை வைத்தால் போதும் என்று கண்டு, 1969-ல் மினசோட்டாவில் மேக்னபேன் நிறுவனத்தைத் தொடங்கினார். பிளாட்ஹாலரின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். நம் நாட்டிலும் புனேயில் கேடன்ஸ் என்ற நிறுவனம், கீழ் ஸ்தாயிக்குக் கோனும் மேலே எலக்ட்ரோஸ்டேடிக் பேனலும் சேர்ந்த கலப்பு ஸ்பீக்கர்களைச் செய்தது. என்னிடம் இருப்பது காந்த வகை. ஏரிக்காற்றின் ஈரத்துக்கும் ரோட்டுப் புழுதிக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை நம்பி வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நம் ஊர்த் தோல்

சவ்வைப் பற்றி நம்மவர் ஒருவரும் ஆராய்ந்திருக்கிறார். சர் சி.வி. ராமன் 1920-ல், பின்னால் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆராய்ச்சிக்கு வெகு முன்பே, மிருதங்கம், தபலா பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930-களில் விரிவாகவும் எழுதினார். சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, வெறும் சத்தமாக இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக வைக்கும் கரணை அந்த மேல் சுரங்களை இழுத்து வரிசைப்படுத்தி, சுருதி சேர வைக்கிறது என்று அவர் காட்டினார். தோலுக்குச் சொந்தக் குரல் கொடுப்பது நம் கைவினைஞர் வேலை. சவ்வின் சொந்தக் குரலை அடக்குவது பேனல் செய்பவர் வேலை. இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே.

இழுவிசை பற்றி எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் ராமன் இல்லை, அப்பா. "பாவு ஒரு பக்கம் தொய்ஞ்சா புடவ போச்சுடா" என்பார். பேனலும் அப்படியே. பிலிம் ஒரு பக்கம் தொய்ந்தால் பாட்டு போச்சு.

அறையின் கணக்கு

இனி என் அவஸ்தை. முதல் நாள் பேனல் இரண்டையும் பெட்டி ஸ்பீக்கர் மாதிரி சுவரோடு ஒட்டி, அரை அடி விட்டு நிறுத்தினேன். கேட்டால் மிருதங்கத்தில் தொப்பியே இல்லை! தம்புரா கொசு மாதிரி ரீங்காரம். வாங்கினது தப்போ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தப்பு என்னுடையது. பெட்டி ஸ்பீக்கர் பின்பக்கச் சத்தத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறது. பேனலுக்குப் பெட்டி இல்லை. முன்னால் எவ்வளவு சத்தமோ பின்னாலும் அவ்வளவு, ஆனால் தலைகீழ். முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின் அலை சுவரில் பட்டு, அரை அடிதான் என்பதால் ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்பி வந்து, கீழ் ஸ்தாயியில் முன் அலையைத் தின்றுவிடுகிறது. தொப்பியைத் தின்றது என் வீட்டுச் சுவர்தான்.

சரி, எவ்வளவு தள்ளி வைப்பது? நான் டேப்பும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தபோது அப்பா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "தறி போடச்சொல்லவே சொவத்த ஒட்டியா போடுவாங்க? பின்னால ஆள் போய் வரணும், பாவு பாக்கணும். எடம் விட்றா." தறியின் பின்பக்கம் அவர் விட்டிருந்த இடம் நாலு அடி. தரையில் பழைய சிமெண்டுக்கும் புது சிமெண்டுக்கும் நடுவே இருந்த கோட்டை வைத்து அளந்து, அதே நாலு அடியில் பேனலை நிறுத்தினேன். இப்போது பின் அலை போய்த் திரும்ப எட்டு அடி, ஏழு மில்லிசெகண்ட். 1949-ல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் செய்த சோதனைகள் சொல்வது இதுதான்: சில மில்லிசெகண்ட் பிந்தி வரும் சத்தத்தைக் காது எதிரொலியாகக் கேட்காது, முதலில் வந்ததோடு சேர்த்துக்கொள்ளும். முழுக்கக் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிப் பேனலுக்குப் பின்னால் மூலையில் நிறுத்தியதில், மேலே வரும் கரகரப்பு அடங்கியது. பள்ளத்துக்கு மெத்தை போதாது. பேனலை அரை அடி இப்படியும் அப்படியும் நகர்த்தி, பாட்டுக்கு இடைஞ்சல் குறைவான இடத்தில் அந்தப் பள்ளத்தைத் தள்ளினேன்.

மீதிக் கணக்கு: பேனலிலிருந்து காதுக்கு ஆறு அடி, காதுக்குப் பின் இரண்டு அடி. பன்னிரண்டு அடி தீர்ந்தது.

அப்படியானால் சின்ன அறைக்குப் பேனல் பொருந்தாது என்பவர்கள் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். பாதிதான் சரி. மறுபாதி இது. முன் அலையும் பின் அலையும் பக்கவாட்டில் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பேனலின் ஓரத்துக்கு நேரே நின்று கேட்டுப் பாருங்கள், சத்தம் சட்டென்று அமுங்கும். அதாவது, பேனல் பக்கச் சுவரை நோக்கியும் மேலே கூரையை நோக்கியும் அதிகம் பேசுவதில்லை. சின்ன அறையில் தொந்தரவு செய்வது பக்கத்துச் சுவர்தான். எனக்கு அது பேனலிலிருந்து இரண்டடி. பெட்டி ஸ்பீக்கராக இருந்தால் அங்கிருந்து எதிரொலி அடித்திருக்கும்.

ஒவ்வொரு அறைக்கும் சொந்தச் சுருதிகள் உண்டு. சுவருக்குச் சுவர் அலை நின்று முழங்கும் அதிர்வெண்கள் அவை. என் அறையில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், பத்தடி அகலத்துக்கு 57, ஒன்பதடி உயரத்துக்கு 63. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்குத் தம்புராவின் மந்தர சட்ஜம் சுமார் 65. மூலையில் ஒரு பெட்டி ஸ்பீக்கரை வைத்தால் அது மூன்றையும் தட்டி எழுப்பும். தம்புரா மீட்டும்போதெல்லாம் அறை "ஊம்" என்று கூடச் சேர்ந்து பாடும். பேனல் பெரும்பாலும் நீளவாக்குச் சுருதியை மட்டும்தான் தொடுகிறது. சின்ன அறையில் அதன் கீழ் ஸ்தாயி அளவில் குறைவு, ஆனால் சுத்தம். சினிமா வெடிச்சத்தம் வேண்டுபவர்களுக்கு இது ஆகாது. மிருதங்கத்தின் தொப்பியில் விரல் விழுவது கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஆகும்.

பேனல் பெரிதாக இருப்பதும் வீம்புக்கு இல்லை. பிலிம் கொஞ்சம்தான் அசையும், ஆகவே பரப்பு வேண்டும். பின் அலை ஓரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடாமல் இருக்கவும் பரப்பு வேண்டும். உருவம் பெரிது, அறைமேல் அதன் கை சிறிது. குவாட் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த அடுத்த மாடலில், தட்டையான பிலிமே பின்னால் ஒரு புள்ளியிலிருந்து பாடுவது போல் ஒலிக்க, வட்ட வட்டமான மின்தகடுகளுக்குச் சத்தத்தைச் சிறிது சிறிதாகத் தாமதித்து அனுப்பினார்கள். 1963-ல் தொடங்கிய வேலை அது, முடியப் பதினெட்டு வருடம். நம்மில் புராஜெக்டை மூன்று மாதத்தில் முடித்தவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒண்ணே போதும்

எங்கள் ஊர்ப் பெயர் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. டி.கே. பட்டம்மாள் என்பதில் 'டி' எங்கள் தாமல்தான். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். அங்கே நாயனா பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோதே சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். ரேடியோ கிளப் மூடியபின் அவர்கள் கொடுத்த கருவியை வைத்து மாநகராட்சி நடத்திய நிலையம் அது. பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவதில்லை என்றிருந்த காலத்தில் பாடி, "பல்லவி பட்டம்மாள்" என்றே பெயர் வாங்கினார். 2009-ல் மறைந்தார்.

அவருடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். மோனோ. இரண்டு பேனலிலும் ஒரே சத்தம் வந்து, தலையை இப்படி அப்படி அசைத்தால் குரல் நகர்ந்தது. அப்போதுதான் வாக்கர் காலத்து அறை நினைவுக்கு வந்தது. ஒரு பேனலின் ஒயரைக் கழற்றிக் கூடத்தில் சாத்திவிட்டு, மற்றதை அறை நடுக்கோட்டில் நிறுத்தினேன். இரண்டு பக்கச் சுவரும் சமதூரம். ஸ்பீக்கர் இருக்கிற இடம் தெரியவில்லை. குரல் மட்டும், கனமாக, நிதானமாக, அறைக்குள் நின்றது. தகடு செய்தவர்கள் எந்த அறையை நினைத்துச் செய்தார்களோ, எந்தக் காலத்துப் பதிவுக்காகச் செய்தார்களோ, அது இரண்டும் அன்று என் வீட்டில் பொருந்தின.

பாட்டு பாதியில் அப்பா வந்து நிலைப்படியில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். குழி இருந்த இடம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னொரு கதவு எங்கடா?" என்றார்.

"பழைய பாட்டுப்பா, ஒண்ணு போதும்."

"போதும்" என்றார் அவரும். பாட்டு முடியும் வரை எழுந்திருக்கவில்லை. இப்போது சாயங்காலமானால் அந்த அறை வழியாகத்தான் திண்ணைக்குப் போகிறார்.

இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் வாங்கும் முன் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள், பெரிய செலவு மிச்சமாகும். பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் ரோட்டில் போகும்போது ஏரியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துங்கள். காபி உண்டு, பாட்டு உண்டு. நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, மற்றவர்கள் அப்பாவோடு தரையில்.